முதல் குண்டுக்கான துப்பாக்கி

நூறு கெஜத்தில் வைத்த இலக்குத் தாளில் மூன்று ஓட்டைகள், மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியபடி, அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு நாணயம். புதிதாகத் துப்பாக்கி செய்துகொண்டவர்கள் எல்லோரும் எடுத்துவைக்கும் படம் இது. அந்தப் படத்தின் மீது எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. வேட்டைத் துப்பாக்கியிடம் கேட்கவேண்டிய கேள்விக்கு அது பதிலே சொல்வதில்லை. வேட்டையில் மூன்று குண்டுகள் கிடையாது. ஒன்றுதான். அது குளிர்ந்த குழலிலிருந்து, மேசையில்லாத இடத்தில், மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவரின் கையிலிருந்து கிளம்புகிறது. அந்த ஒரு குண்டு எங்கே போய் விழும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நான் செய்வித்துக்கொண்ட துப்பாக்கியின் ஒவ்வொரு பாகமும், அதன்பிறகு நடந்த சோதனை முழுவதும், இந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தவை.

உரிமம், வேட்டைப் பருவம், எந்த விலங்கை எங்கே சுடலாம் என்ற சட்டம் எல்லாம் அவரவர் இருக்கும் இடத்தைப் பொறுத்தவை. அவை சரியாக இருக்கின்றன என்று வைத்துக்கொண்டே மேலே போகிறேன்.

துப்பாக்கி செய்து கொடுத்தவர் முதலில் கேட்டது தோட்டாவைப் பற்றி அல்ல, எடையைப் பற்றி. "இதை மேசையில் வைக்கப் போகிறீர்களா, தோளில் சுமக்கப் போகிறீர்களா?" என்றார். போட்டித் துப்பாக்கிகள் எட்டுக் கிலோவைத் தாண்டுவது சாதாரணம். கனமான துப்பாக்கி அசையாது, உதைக்காது, சுடுவதற்குச் சுகமானது. ஆனால் மலைச்சரிவில் நாள் முழுவதும் தூக்கி நடந்தால் மாலையில் கை நடுங்கும். மேசையில் அது கொடுத்த துல்லியம் அந்த நடுக்கத்தில் போய்விடும். மிகவும் இலேசாகச் செய்தால் உதைப்பு கூடி, சுடுபவர் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடத் தொடங்குவார். தொலைநோக்கியோடு சேர்த்து நான்கு கிலோவுக்குச் சற்று மேல் என்று நாங்கள் முடிவு செய்தோம். மற்றவை எல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்க வேண்டியிருந்தது.

தோட்டா, அதாவது உறையும் மருந்தும் குண்டும் சேர்ந்த முழுப் பொருள், 6.5 கிரீட்மூர் என்ற வகை. 2007இல் ஹார்னடி நிறுவனம் வெளியிட்டபோது இது இலக்குச் சுடுதலுக்காக வந்த தோட்டா. பிறகு வேட்டைக்காரர்கள் கைக்குப் போனது. இதைவிட வேகமான மாக்னம் தோட்டாக்கள் எத்தனையோ உண்டு, அவற்றின் பெயர்களைக் கேட்டாலே நெஞ்சு நிமிரும். இதை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் மிதமான உதைப்பு. சுட்ட பிறகும் தொலைநோக்கிக்குள் இலக்கு தெரிந்துகொண்டே இருக்கும். குண்டு எங்கே பட்டது என்பதை நானே பார்த்துவிடலாம். பக்கத்தில் கண்காணித்துச் சொல்ல ஆள் இல்லாதவருக்கு இது பெரிய வசதி. இன்னொரு காரணம், நீண்டு மெலிந்த குண்டு. 143 கிரெயின், அதாவது சுமார் 9.3 கிராம் எடையுள்ள வேட்டைக் குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வடிவத்தில் இருக்கிறது. வேகத்தை மெதுவாகத்தான் இழக்கிறது.

நீண்ட குண்டு என்றால் குழலின் முறுக்கும் அதற்கேற்ப இருக்க வேண்டும். குழலுக்குள் வெட்டப்பட்ட சுருள் வரிகள் குண்டைச் சுழற்றுகின்றன. அந்தச் சுழற்சி இல்லாவிட்டால் குண்டு காற்றில் தலைகுப்புற உருண்டுவிடும். குண்டு நீளமாக ஆக, இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். எவ்வளவு வேகம் என்பதற்கு 1879இல் ஜார்ஜ் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார். இன்று அதைவிட நுட்பமான கணக்குகள் வந்துவிட்டாலும், அவருடைய அடிப்படை மாறவில்லை. என் குழலில் எட்டு அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று.

ரிசீவர் என்பது குழலும், அதன் பின்வாயை அடைக்கும் போல்ட் என்ற தண்டும் பொருந்தும் எஃகு உடல். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1898இன் ஜெர்மானிய மௌசர் துப்பாக்கி போட்ட பாதையில்தான் இன்றைய போல்ட் துப்பாக்கிகள் பெரும்பாலும் நடக்கின்றன. 1962இல் வந்த ரெமிங்டன் 700, உருளை வடிவ ரிசீவரைப் பரவலாக்கியது. உருளை என்பதால் கடைசல் இயந்திரத்தில் பிடித்துச் சீராக்குவது எளிது. கைவினைஞர்களின் பட்டறைகளில் அது இத்தனை காலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். இப்போது தனித்தொழிலாகச் செய்யப்படும் ரிசீவர்களில் பலவும் அதன் அளவுகளையே பின்பற்றுகின்றன. அதனால் தோளில் ஊன்றும் கட்டை, விசை, தொலைநோக்கித் தண்டவாளம் எல்லாம் எளிதில் பொருந்துகின்றன. என்னுடையதும் அந்த வகைதான்.

குழல் பொருத்தும் வேலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு அளவு இருக்கிறது. தோட்டா அறைக்குள் உட்கார்ந்தபின் அதன் அடிப்பகுதிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே விடும் இடைவெளியை அது தீர்மானிக்கிறது. கூடினால் தோட்டாவின் உறை நீண்டு கிழியலாம், குறைந்தால் போல்ட் மூடாது. இந்தத் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அத்தனை அழுத்தத்தைப் பூட்டி வைக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. கைவினைஞர் இரண்டு எஃகு அளவிகளை மேசையில் வைத்தார். முதலாவதை அறைக்குள் போட்டார்; போல்ட் வழுக்கிக்கொண்டு மூடியது. மயிரிழை அளவே நீளமான இரண்டாவதைப் போட்டார். போல்ட்டின் கைப்பிடி பாதியில் நின்றுவிட்டது. ஒரு விரலால் மட்டுமே அழுத்திப் பார்த்தார். பலத்தைக் காட்டினால் அளவிக்கே பொருள் இல்லாமல் போய்விடும் என்றார். இந்த வேலையை வீட்டில் செய்து பார்க்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

எனக்கு அவர் செய்யக் கொடுத்தது பிசின் படுக்கை. துப்பாக்கி செய்வதில் எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான். ரிசீவர் கட்டைக்குள் உட்காரும் இடத்தில் நூலளவு இடைவெளி இருந்தாலும், ஒவ்வொரு முறை சுடும்போதும் அது சற்று இடம் மாறி உட்காரும். முதல் குண்டு ஓரிடத்திலும் அடுத்தது இன்னோரிடத்திலும் போவதற்கு இது ஒரு பழைய காரணம். ஆகவே கட்டையின் உட்புறத்தைச் சற்றுக் குடைந்து, எஃகுத் துகள் கலந்த எபாக்சி பிசினை நிரப்பி, ரிசீவரை அதில் அழுத்தி, அதன் உருவத்தையே அச்சாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேட்பதற்கு எளிது. ஆனால் பிசினுக்கு எஃகையும் பிடிக்கும், மரத்தையும் பிடிக்கும். எங்கே ஒட்டக் கூடாதோ அங்கேயெல்லாம் மெழுகு பூச வேண்டும். திருகு துளைகளைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். ரிசீவருக்கு முன்னால் உதைப்பைத் தாங்கும் தடித்த எஃகுத் தகடு ஒன்று கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பின்முகம் மட்டும்தான் பிசினைத் தொட வேண்டும். முன்முகம், இரு பக்கங்கள், அடி ஆகியவற்றில் நாடா ஒட்டினேன். பிறகு நாடாவை உரித்தால் அந்த இடங்களில் மெல்லிய இடைவெளி கிடைக்கும். அது இல்லாவிட்டால் துப்பாக்கியைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் தகடு பிசினைச் சுரண்டிக்கொண்டு இறங்கும். பிசின் பிதுங்கி வழியும்போது அதைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்தபின் உளியால் செதுக்குவதைவிட அது எத்தனையோ மேல். மறுநாள் ரிசீவரைத் தட்டி எடுத்தபோது உள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில் அதன் ஒவ்வொரு கீறலும் பதிந்திருந்தது, தயாரிப்பாளரின் முத்திரை எழுத்துகள் தலைகீழாக உட்பட. குழல் மட்டும் கட்டையை எங்கும் தொடக் கூடாது. ஒரு தாளை மடித்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே இழுத்துப் பார்த்தேன். தடையில்லாமல் ரிசீவர் வரை ஓடியது. சுடும்போது குழல் நாணைப்போல் அதிர்கிறது. எதையும் தொடாமல் இருந்தால்தான் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிரும்.

விசையை இழுக்கத் தேவைப்படும் பலம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். குளிரில் விறைத்த விரலுக்கு அதைவிட இலேசான விசை ஆபத்து. துப்பாக்கியின் நிறம் பற்றி எனக்குக் கருத்து இல்லை.

தொலைநோக்கியைத் துப்பாக்கியில் ஏற்றியவுடன் எல்லோரும் சுடத்தான் ஓடுகிறார்கள். குறியை மாற்றும் அதன் திருகுகள் சொன்ன அளவுக்குத்தான் நகர்கின்றனவா என்று சரிபார்ப்பவர்கள் குறைவு. இதற்கு உயரத்தாள் சோதனை போதும். நூறு மீட்டரில் உயரமான தாள் ஒன்றை நிறுத்தி, தூக்குக்குண்டு நூல் பிடித்து நேர்க்கோடு போட்டுக்கொள்ள வேண்டும். அடியில் உள்ள புள்ளியைப் பார்த்துச் சுட்டுவிட்டு, திருகை 10 மில் ஏற்றி அதே புள்ளியைப் பார்த்து மறுபடி சுட வேண்டும். ஒரு மில் என்பது நூறு மீட்டரில் 10 சென்டிமீட்டர். ஆகவே இரண்டாவது குண்டுகள் சரியாக ஒரு மீட்டர் மேலே, கோட்டின் மீதே விழ வேண்டும். 98 சென்டிமீட்டரில் விழுந்தால் இரண்டு சதவீதப் பிழை. தெரிந்துவிட்டால் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், தெரியாமல் இருப்பதுதான் தொல்லை. கோட்டை விட்டு விலகினால் தொலைநோக்கி சாய்ந்து ஏற்றப்பட்டிருக்கிறது. என்னுடையதில் தூரம் சரியாக இருந்தது, சாய்வு கொஞ்சம் இருந்தது. வளையங்களைத் தளர்த்தி நேராக்கியபின் ரசமட்டம் ஒன்றையும் மாட்டினேன். 500 கெஜத்தில் துப்பாக்கியை மூன்று பாகை சாய்த்துப் பிடித்தால் குண்டு ஏழெட்டு சென்டிமீட்டர் பக்கவாட்டில் போய்விடும். மலைச்சரிவில் கண் எது நேர் என்பதில் எளிதில் ஏமாந்துபோகும்.

புதுக் குழலைப் பழக்கும் சடங்கு பற்றி ஆளுக்கொரு வேதம் உண்டு: ஒன்று சுடு, துடை, ஒன்று சுடு, துடை. நல்ல தயாரிப்பாளர் உட்புறத்தைத் தேய்த்து மெருகேற்றிக் கொடுத்த குழலுக்கு அந்தச் சடங்கில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் ஒன்று உண்மை. பல குழல்களில் முதல் நூறு தோட்டாக்கள் வரை குண்டின் வேகம் மெல்ல ஏறிக்கொண்டே போகும், பிறகு நிலைக்கும். அதற்கு முன் எழுதிவைக்கும் வேக எண் நம்பத் தகுந்ததல்ல. ஆகவே நூறு தாண்டும் வரை அருகில் சுட்டுப் பழகினேன், எதையும் குறித்துவைக்கவில்லை.

இனி மூன்று ஓட்டைப் படத்துக்கு வருகிறேன். ஒரே துப்பாக்கியில் ஒரே தோட்டாவைச் சுட்டாலும் குண்டுகள் ஒரு மையத்தைச் சுற்றித் தற்செயலாகச் சிதறுகின்றன. எத்தனை சுடுகிறோமோ அத்தனைக்கு விளிம்பில் போய் விழும் வாய்ப்பு கூடும். புள்ளியியல் கணக்குப்படி, பத்துக் குண்டுகளின் குரூப், அதாவது ஓட்டைகள் சிதறிய அகலம், சராசரியாக மூன்று குண்டு குரூப்பைப்போல் ஒன்றரை மடங்குக்கும் சற்று மேலாக இருக்கும். துப்பாக்கி மாறவில்லை, சுடுபவர் மாறவில்லை, நாம் கேட்ட எண்ணிக்கைதான் மாறியது. மூன்று குண்டு குரூப்புகளைப் பலமுறை சுட்டு, மிகச் சிறியதை மட்டும் படமெடுத்தால் எந்தத் துப்பாக்கியும் அற்புதம்தான். அந்த ஒன்றை வைத்து இந்தத் தோட்டா நல்லது, அந்தத் தோட்டா கெட்டது என்று முடிவு கட்டுபவர்கள் உண்மையில் தற்செயலைத்தான் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் வைத்துக்கொண்ட முறை வேறு. ஒரு தாளை அட்டையில் ஒட்டிப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். சுடுதளத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் முதல் வேலையாக, குழல் குளிர்ந்திருக்கும்போதே, அந்தத் தாளில் ஒரே ஒரு குண்டு சுடுவேன். ஓட்டையின் பக்கத்தில் பென்சிலால் தேதி, வெப்பநிலை, குழல் துடைத்ததா துடைக்காததா என்று எழுதிவிட்டுத் தாளைக் கழற்றிவிடுவேன். மாதங்கள் போகப் போக அந்தத் தாள் பேச ஆரம்பித்தது. துடைக்காத குழலின் முதல் குண்டுகள் எல்லாம் ஒரு கைக்கடிகார முகத்துக்குள் அடங்கின. சுத்தமாகத் துடைத்து எண்ணெய் போட்ட நாள்களின் ஓட்டைகள் தனியாக, மேலே இடப்பக்கமாக ஒதுங்கிக் கிடந்தன. காரணம் விளங்காத மந்திரம் ஒன்றுமில்லை. சுட்டுச் சுட்டுக் குழலின் சுவரில் செம்பும் கரியும் படிகின்றன. அந்தப் படிவின் மீது குண்டு வழுக்குவதும், எண்ணெய் பூசிய வெறும் எஃகில் வழுக்குவதும் ஒன்றல்ல. அதனால் வேட்டைக்குப் போவதற்கு முன் என் துப்பாக்கியைத் துடைப்பதில்லை. ஆயுதத்தைப் பளபளவென்று வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கும் பெரியவர்களுக்கு இது பிடிக்காது.

வேகத்தை அளக்கக் குரோனோகிராஃப். வினாடிக்கு ஏறத்தாழ 2,700 அடி; இந்தக் குண்டுக்கு எதிர்பார்க்கக்கூடியதுதான். சராசரியைவிட ஏற்ற இறக்கத்தைத்தான் கவனித்தேன். ஒரு தோட்டாவுக்கும் இன்னொன்றுக்கும் 30 அடி வேறுபாடு இருந்தால், 500 கெஜத்தில் உயரம் நான்கு சென்டிமீட்டர் மாறும். பொறுத்துக்கொள்ளலாம். அதே வேறுபாடு 800 கெஜத்தில் ஒரு சாணுக்குப் பாதியைத் தாண்டிவிடும்.

ஆனால் உயரம் கணக்குக்குக் கட்டுப்பட்டது. ஈர்ப்பு விசை நேற்றும் இன்றும் ஒன்றுதான். தூரத்தை லேசர் கருவி சொல்லிவிடும். தொலைநோக்கித் திருகை எத்தனை கிளிக் ஏற்ற வேண்டும் என்பதைக் கைபேசி சொல்லிவிடும். காற்று அப்படியல்ல. பக்கத்திலிருந்து வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, கன்னத்தில் உணர்வதற்கே அரிதான மென்காற்று, இந்தக் குண்டை 300 கெஜத்தில் மூன்று சென்டிமீட்டர் தள்ளும். 500 கெஜத்தில் எட்டரை. 800 கெஜத்தில் 24. தூரம் மூன்று மடங்கைக்கூட எட்டவில்லை, தள்ளல் எட்டு மடங்கு ஆகிவிட்டது. மானின் உயிர்நிலைப் பகுதி சுமார் 20 முதல் 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம். நடுவைக் குறி வைத்தால் பிழைக்கு இடம் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான். 800 கெஜத்தில், வினாடிக்கு அரை மீட்டர் அளவுக்குக் காற்றைத் தப்பாக மதிப்பிட்டாலே எல்லைக்கு வந்துவிடுகிறோம். நான் நிற்கும் இடத்தில் ஒரு காற்று, பள்ளத்தாக்கின் நடுவில் இன்னொன்று, விலங்கு நிற்கும் இடத்தில் புல் எதிர்ப்பக்கம் சாய்கிறது. அரை மீட்டர் துல்லியத்தில் இதைப் படிப்பேன் என்று சொல்பவரை நான் நம்புவதில்லை.

இதைத் தெரிந்துகொள்ள, காற்றடிக்கும் நாள்களாகப் பார்த்துச் சுடுதளத்துக்குப் போனேன். மேசை வேண்டாம் என்று தரையில் முதுகுப்பையை வைத்துப் படுத்தும், முக்காலியைச் சாய்த்து உட்கார்ந்தும், முழங்காலிட்டும் சுட்டேன். காற்றை மதிப்பிட்டுத் தாளில் எழுதிக்கொண்டு ஒரே ஒரு குண்டு, பிறகு இலக்கைப் பார்ப்பது. மேசையில் காட்டிய குரூப் படுத்தபோது இரட்டிப்பானது. உட்கார்ந்தபோது அதற்கும் மேலே போனது. முழங்காலிட்டபோது எழுதிவைக்கும் தகுதியே அதற்கு இல்லை. சிறு ஓட்டம் ஓடிவிட்டு வந்து சுட்டால் இன்னும் மோசம். மேசையில் அரை அங்குலக் குரூப்புக்காகத் தோட்டா தோட்டாவாகச் செலவழித்துத் தேடியதெல்லாம், முதுகுப்பைமேல் படுத்தவுடன் காணாமல் போயிற்று.

இன்னொரு கணக்கை எந்தச் சோதனையும் மாற்றாது. குண்டு 500 கெஜத்தைக் கடக்க வினாடியில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமான நேரம் எடுத்துக்கொள்கிறது. மேய்ந்துகொண்டிருக்கும் விலங்கு சாதாரண நடையில் அதற்குள் முக்கால் மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். துப்பாக்கி எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும், காற்றை எவ்வளவு சரியாகப் படித்தாலும், விசையை இழுத்தபின் விலங்கு எடுத்து வைக்கும் ஒரு அடியை யாராலும் திரும்பப் பெற முடியாது. நெஞ்சில் படவேண்டியது வயிற்றில் படும். காயத்தோடு ஓடிய விலங்கை இருட்டும்வரை தேடியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

குண்டுக்கும் ஒரு எல்லை உண்டு. வேட்டைக் குண்டு உடலுக்குள் விரிந்தால்தான் வேலை செய்யும். விரிய வேகம் வேண்டும். பல குண்டுகளுக்கு வினாடிக்கு 1,800 அடி என்பது பொதுவாகச் சொல்லப்படும் கீழ்வரம்பு. என் துப்பாக்கியில் அது 690 கெஜத்தை ஒட்டி வருகிறது. ஆனால் அந்த எல்லை எனக்குத் தேவைப்படவே இல்லை, காற்று அதற்கு வெகு முன்பே கோடு கிழித்துவிட்டது.

இப்போது கட்டையின் பக்கத்தில் ஒரு சிறு அட்டவணை ஒட்டியிருக்கிறேன். 100 கெஜத்தில் தொடங்கி ஐம்பது ஐம்பதாக ஏறுகிறது. எத்தனை மில் உயர்த்த வேண்டும், வினாடிக்கு மூன்று மீட்டர் பக்கக்காற்றுக்கு எவ்வளவு தள்ள வேண்டும் என்று இரண்டு பத்திகள். 400இல் முடிகிறது. படுத்துச் சுட இடமிருந்து, காற்று அடங்கி, விலங்கு நின்றுகொண்டிருந்தால் மட்டும் அந்தக் கடைசி வரி. உட்கார்ந்து சுடுவதென்றால் 250. நண்பர்கள் சிரிக்கிறார்கள், இத்தனை செலவில் இத்தனை துல்லியமாக ஒரு துப்பாக்கி செய்துகொண்டு, பழைய துப்பாக்கியின் தூரத்தைத் தாண்டி நூறு கெஜத்துக்கு மேல் கூடவில்லையே என்கிறார்கள். பழையதில் 300இல் குண்டு எங்கே போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் தெரியும்.

இரும்புத் தகடுகளைச் சுடுவது வேறு. அங்கே 800, 900 எல்லாம் சுடுகிறேன், தவறவிடுகிறேன், மறுபடி சுடுகிறேன். காற்றைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. கானலின் நெளிவு தொலைநோக்கியில் எந்தப் பக்கம் ஓடுகிறது, எப்போது நின்று கொதிக்கிறது என்று பார்த்துக்கொண்டே சுட வேண்டும்.

இந்த வகைக் குழல் 2,000 முதல் 3,000 தோட்டாக்கள் வரை தாங்கும். அறைக்கு முன்னால் சுருள் வரிகள் தொடங்கும் இடம் வெப்பத்தில் அரிக்கப்பட்டு, முதலை முதுகுபோல் வெடிப்பு விட்டு, வேகம் குறையத் தொடங்கும். அதற்குள் அடுத்த குழலுக்குச் சொல்லிவைத்துவிட்டேன்: அதே முறுக்கு, இரண்டு அங்குலம் குறைவான நீளம். வேகத்தில் ஐம்பது அடி போகும், அட்டவணையின் கடைசி வரியில் ஒரு கிளிக் கூடும். புதருக்குள் நடக்கும்போது கிளைகளில் மாட்டாது.